முப்பது நாளில் நாவல், முப்பத்தோராம் நாள் அச்சகம்

முப்பது நாளில் ஹிந்தி, முப்பது நாளில் மலையாளம் என்று பேருந்து நிலையக் கடைகளில் புத்தகங்கள் தொங்கும். அதை வாங்கிப் படித்து ஹிந்தி பேசியவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்பது வேறு விஷயம். இப்போது அந்த வரிசையில் நாவலும் சேர்ந்துவிட்டது. "ஒரே மாசத்துல நாவல் முடிச்சுட்டேன்" என்று ஒருவர் அறிவிப்பார். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். "எப்படிப்பா இவ்வளவு வேகமா?" என்று வாய் பிளப்பார்கள். "எத்தனை தடவை திருத்தி எழுதினே?" என்று கேட்க மட்டும் ஒரு ஆள் கிடையாது. திருத்துவது என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பது, அதற்குத்தான் மெய்ப்பு பார்க்கிறவர் இருக்கிறாரே என்பது பொதுவான நினைப்பு. இது சுத்தமான பிசகு. வேகமாக எழுதுவதில் குற்றம் ஒன்றுமில்லை. அப்படி எழுதிய காகிதக் கட்டுக்கு அட்டை போட்டு, விலை போட்டு, நாவல் என்று விற்பதில்தான் இருக்கிறது குற்றம்.

இந்த வேகப் பந்தயத்துக்கு ஊரும் தேதியும் உண்டு. 1999 ஜூலையில், சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில், கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய கூட்டாளிகளுமாக மொத்தம் 21 பேர், ஒரு மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று இறங்கினார்கள். அடுத்த வருடம் அது நவம்பர் மாதத்துக்கு மாறியது. நானோரைமோ என்று பெயர். இலக்கு 50,000 சொற்கள். முப்பதால் வகுத்தால் தினம் 1,667 சொல். சில வருடங்களில் பல நாடுகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். 50,000-ஐத் தொட்டால் வெற்றியாளர், தொடாவிட்டால் இல்லை. எழுதியதை யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். எண்ணிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். செங்கல் சூளையில் கூட வெந்ததா வேகாததா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணுவார்கள்!

நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எழுத உட்காரவே பயப்படுகிறவனை உட்கார வைத்தது அந்த நவம்பர். சாரா க்ரூயனின் 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' (2006), எரின் மார்கன்ஸ்டர்னின் 'தி நைட் சர்க்கஸ்' (2011) இரண்டுக்கும் விதை விழுந்தது அங்கேதான். வேகக் கட்சிக்காரர்கள் இந்த இரண்டையும் மறக்காமல் சொல்வார்கள். மார்கன்ஸ்டர்னின் பிரதியை இலக்கிய முகவர்கள் பலர் திருப்பி அனுப்பியதையும், அவர் அதைப் பெருமளவு கலைத்து மறுபடி எழுதியதையும் சொல்ல மாட்டார்கள். நவம்பரில் விளைந்தது நெல். அதைக் காயவைத்து, குத்தி, புடைத்து எடுத்தது பிறகு. நெல்லை அப்படியே உலையில் கொட்டி "சாதம் ரெடி" என்று இலை போடுகிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வேகக் கட்சியின் குலதெய்வம் தஸ்தயேவ்ஸ்கி. "26 நாளில் 'சூதாடி' எழுதினார் தெரியுமா?" என்பார்கள். தெரியும். கதையும் சுவாரசியமானதுதான். 1865-இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிள் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார் மனிதர். 1866 நவம்பர் 1-ஆம் தேதிக்குள் புது நாவல் ஒன்று தராவிட்டால், அடுத்த 9 வருடங்களுக்கு அவர் எழுத்தை ஸ்டெல்லோவ்ஸ்கி ஒரு காசும் கொடுக்காமல் அச்சடித்துக்கொள்ளலாம். (கந்துவட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.) அக்டோபர் பிறந்துவிட்டது, நாவல் பிறக்கவில்லை. அப்போது வந்தவர்தான் சுருக்கெழுத்து படித்த 20 வயது அன்னா ஸ்னீத்கினா. இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 26 நாளில் முடிந்தது. கெடு நாளில் பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லாமல் போக, பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார் தஸ்தயேவ்ஸ்கி. 1867 பிப்ரவரியில் அன்னாவையே கல்யாணமும் செய்துகொண்டார். சினிமாவுக்கு என்றே நடந்தது மாதிரி இருக்கிறது.

சினிமாவில் வராத காட்சிகளைப் பாருங்கள். சூதாட்டத்தில் சிக்கிய ஒரு ரஷ்யனைப் பற்றிய இந்தக் கதையை 1863-இலேயே ரோமாபுரியிலிருந்து நண்பர் ஸ்திராகவுக்குக் கடிதமாக விவரித்திருக்கிறார். ஆக, 26 நாளுக்கு முன்னால் மூன்று வருடம் அது மண்டைக்குள் ஊறியிருக்கிறது. சூதாட்ட மேசைகளில் அவரே காசைத் தொலைத்த அனுபவம் தனிக் கணக்கு. அந்த 26 நாளிலும் வாயில் வந்ததை அப்படியே ஒப்பிக்கவில்லை. இரவில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு பகலில் சொல்வார். அன்னா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல பிரதியாக எழுதிவந்து கொடுப்பார். அதை உட்கார்ந்து திருத்துவார். தலைக்கு மேல் கத்தி தொங்கியபோதும் திருத்தியிருக்கிறார்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதே 1866-இல் அவர் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு நாவல் 'குற்றமும் தண்டனையும்'. அது முதலில் ரஸ்கோல்னிகோவ் தானே சொல்வது போல, தன்மையில் எழுதப்பட்டது. 1865 நவம்பர் கடைசியில் நிறையப் பக்கங்கள் தயாராகிவிட்ட நிலையில், எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார். அடுத்த பிப்ரவரியில் நண்பர் விராங்கலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். அப்போது அவருக்குக் கடன் கழுத்துவரை. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வருகிற பிழைப்பு. அந்த நிலைமையிலும் பக்கங்களை அடுப்பில் போட்டுவிட்டு, படர்க்கையில், புது அமைப்பில் முதலிலிருந்து தொடங்கினார். இன்று உலகம் எதைப் படிக்கிறது, 26 நாளில் எழுதியதையா, கொளுத்திவிட்டு எழுதியதையா? 'சூதாடி' நல்ல நாவல்தான். ஆனால் அது மட்டும்தான் அவர் எழுதியது என்றால் தஸ்தயேவ்ஸ்கி என்ற பெயர் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

அடுத்த தெய்வம் ஜாக் கெரூவாக். 1951 ஏப்ரலில், மூன்றே வாரத்தில், 120 அடி நீளத்துக்குக் காகிதத்தை ஒட்டி, பத்தி பிரிக்காமல் 'ஆன் தி ரோடு' நாவலைத் தட்டச்சு செய்தார். இது உண்மை. அதற்கு முன் 1948 முதலே அதைத் தொடங்கித் தொடங்கி நிறுத்தியதும், நோட்டுப் புத்தகங்களை நிரப்பி வைத்திருந்ததும், சுருளை முடித்த பிறகு தனித்தனிப் பக்கங்களாக மறுபடி தட்டச்சு செய்து மாற்றி மாற்றி எழுதியதும், புத்தகமாக வந்தது 1957-இல்தான் என்பதும் கூட உண்மை. மூன்று வாரம் என்று அவரே தொலைக்காட்சியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார் என்பதால் மற்றவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. உதார் விடுவதில் எழுத்தாளர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

சரி, திருத்துவது என்றால் என்ன? வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ட்ரையல் பேலன்ஸ் போட்டு இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று ஆகிவிடுமா? முதல் வருடப் பையன் வேண்டுமானால் அப்படி நினைத்துத் துள்ளிக் குதிப்பான். விடுபிழை இருக்கலாம், ஈடுசெய் பிழை இருக்கலாம், விதிப்பிழை இருக்கலாம். இயந்திரம் வாங்கிய செலவைக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் டேலி ஆகத்தான் செய்யும். லாபமும் தப்பு, சொத்தும் தப்பு, ஆனால் கூட்டுத்தொகை மட்டும் அழகாக ஒத்துப்போகும். நாவலின் முதல் பிரதியும் அதே மாதிரிதான். வாக்கியம் நன்றாக இருக்கும், எழுத்துப்பிழை இருக்காது, ஆரம்பம் நடு முடிவு எல்லாம் இருக்கும். ஆனால் தப்பான ஆள் கதை சொல்லிக்கொண்டிருப்பார். நாவலாக வேண்டிய விஷயம் எழுபதாம் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சுருண்டு கிடக்கும். இந்தப் பிழையை மெய்ப்பு பார்க்கிறவர் கண்டுபிடிக்க முடியாது. அது அவர் வேலையும் இல்லை.

இதைச் சும்மா தத்துவமாகச் சொல்லவில்லை. கண்ணால் பார்க்கும்படி ஒரு சாட்சி இருக்கிறது. பொதுவாக எழுத்தாளர்கள் முதல் பிரதியை எரித்துவிடுகிறார்கள், இல்லை பல்கலைக்கழக நூலகப் பெட்டிக்குள் பூட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பெரிய நாவலுக்கு முதல் பிரதியும் முடிந்த நாவலும் இரண்டு புத்தகமாக, கடையில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. ஹார்ப்பர் லீ எழுதியவை.

அலபாமாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, விமான நிறுவனத்தில் டிக்கெட் போடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஹார்ப்பர் லீ. 1956 கிறிஸ்துமஸுக்கு மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன் என்ற நண்பர் தம்பதி அவருக்கு ஒரு வருடச் செலவுக்கான பணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு எழுது என்றார்கள். (இப்படி நண்பர்கள் கிடைக்க எந்தக் கோயிலில் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியவில்லை.) அவரும் எழுதினார், வேகமாகவே எழுதினார். 1957-இல் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்ற பிரதி லிப்பின்காட் பதிப்பகத்துக்குப் போனது. 26 வயது ஜீன் லூயிஸ் நியூயார்க்கிலிருந்து சொந்த ஊர் மேகோம்புக்கு வருகிறாள். தெய்வமாக நினைத்திருந்த அப்பா அட்டிகஸ், கறுப்பர்களுக்குச் சம உரிமை கொடுப்பதை எதிர்க்கிற வெள்ளையர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். உடைந்துபோகிறாள். அப்பாவோடும் சித்தப்பாவோடும் வாதாடுகிறாள். இடையிடையே சின்ன வயசு ஞாபகங்கள் வருகின்றன.

பதிப்பகத்தில் அந்தப் பிரதி வந்து சேர்ந்தது டே ஹோஹாஃப் என்ற பெண் எடிட்டரிடம். இந்தப் பெண்ணுக்கு எழுத வருகிறது, ஆனால் இது இன்னும் நாவல் ஆகவில்லை, துண்டு துண்டுச் சம்பவங்களாக நிற்கிறது என்பது அவர் கணிப்பு. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றி எழுதுவதிலேயே போனது. 1960 ஜூலையில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளிவந்தது. 1961-இல் புலிட்சர் பரிசு. இதுவரை விற்றது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல்.

இடைப்பட்ட காலத்தில் என்னதான் மாறியது? இங்கேதான் வேடிக்கை. ஊரை வர்ணிக்கிற சில பகுதிகள் இரண்டு புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அதாவது வாக்கியத்தில் பழுதில்லை. பழுது வேறு இடத்தில். முதல் பிரதியில் கதை படர்க்கையில், வளர்ந்த பெண்ணின் பின்னால் போகிறது. 'மாக்கிங்பேர்ட்'டில் அவளே தன் குழந்தைப் பருவத்தைச் சொல்கிறாள். இருபது வருடம் பின்னால் போய்விட்டது காலம். பின்னோக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் நடுவீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பிரதியில் ஒரு கறுப்பு இளைஞன் மீதான பலாத்கார வழக்கை அட்டிகஸ் நடத்தியது பற்றி ஒரு சின்னக் குறிப்பு வருகிறது, அவ்வளவுதான். அதில் அவன் விடுதலை ஆகிறான். திருத்தி எழுதியதில் அந்தக் குறிப்புதான் நாவலின் முதுகெலும்பு. அதில் டாம் ராபின்சன் குற்றவாளி என்று தீர்ப்பு வருகிறது, பிறகு சிறையில் சுட்டுக் கொல்லப்படுகிறான். விடுதலை என்பதைத் தண்டனை என்று மாற்றிய அந்த ஒரு முடிவில்தான் நாவலின் உயிரே இருக்கிறது. இதை எந்த மெய்ப்புத் திருத்தம் என்ற கணக்கில் எழுதுவீர்கள்? 1957-இல் பிரதியை முடித்தபோது ஹார்ப்பர் லீக்கே அது தெரிந்திருக்கவில்லை. எழுதி முடித்ததை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது.

2015 ஜூலையில் அந்தப் பழைய பிரதியை எடுத்து, பெரிதாகத் திருத்தாமல் அப்படியே புத்தகமாகப் போட்டார்கள். ஹார்ப்பர் லீக்கு அப்போது 89 வயது. முதல் வாரமே 10 லட்சம் பிரதிக்கு மேல் போனது. எல்லாம் 'மாக்கிங்பேர்ட்' பெயருக்காக. படித்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அழகான புது நாவல் என்று சொல்லி முதல் பிரதியை விற்றுவிட்டார்கள் என்று மிச்சிகன் மாநிலத்தில் ஒரு புத்தகக் கடை, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவே அறிவித்தது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 'வாட்ச்மேன்' அட்டிகஸ்தான் நிஜமான 1950-களின் தெற்கத்தி வெள்ளைக்காரர், 'மாக்கிங்பேர்ட்' அட்டிகஸ் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த பொம்மை, ஆகவே திருத்தம் உண்மையைக் கொன்றுவிட்டது என்கிறார்கள். கருத்தாகப் பார்த்தால் இதில் விஷயம் இருக்கிறது. ஆனால் 'வாட்ச்மேன்' அந்த உண்மையை எப்படிச் சொல்கிறது? கடைசிப் பகுதியில் பட்டிமன்றம் மாதிரி மாறி மாறிப் பேசியே சொல்கிறது. 'மாக்கிங்பேர்ட்'டில் நீதிமன்ற மாடியில் கறுப்பர்களோடு உட்கார்ந்து ஒரு சிறுமி பார்ப்பதை வாசகனும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறான். நேர்மையான கருத்து மட்டும் போதும் என்றால் கட்டுரை எழுதிவிட்டுப் போகலாம், நாவல் எதற்கு? அந்த நிஜ அட்டிகஸை வைத்தும் ஒரு பெரிய நாவல் எழுதியிருக்க முடியும். அதற்கும் இன்னொரு இரண்டு வருடம் தேவைப்பட்டிருக்கும்.

வேகக் கட்சியில் நிஜமாகவே பலமான ஒரு ஆள் உண்டு. வில்லியம் ஃபாக்னர். 1929 அக்டோபர் 25-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 11-ஆம் தேதி முடித்தார் 'ஆஸ் ஐ லே டையிங்' நாவலை. பல்கலைக்கழக மின் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே எழுதியது. ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை என்பார் அவர். கையெழுத்துப் பிரதியில் திருத்தங்கள் இருக்கத்தான் செய்கின்றன, என்றாலும் அதிகம் இல்லை. ஏழு வாரத்தில் ஒரு உச்சமான நாவல். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அதே ஃபாக்னரின் 'சாங்ச்சுவரி' கதையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதை 'ஆஸ் ஐ லே டையிங்'குக்கு முன்பே எழுதி முடித்திருந்தார். 1930-இல் அச்சுக்கோத்த படிகள் கைக்கு வந்தன. படித்துப் பார்த்தார், தாங்கவில்லை. 'தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி', 'ஆஸ் ஐ லே டையிங்' இரண்டுக்கும் தலைகுனிவு வரக்கூடாது என்று படிகளைக் கிழித்துப் பிரித்து மாற்றி எழுதினார். அச்சுக்கோத்த பிறகு மாற்றினால் கோத்ததெல்லாம் வீண், செலவு யார் தலையில்? தன் கைக்காசைப் போட்டார். அப்போது அவர் பணக்காரரும் இல்லை. ஏழு வாரத்தில் எழுதத் தெரிந்தவருக்குத்தான் எதை அப்படியே விடலாம், எதை விடக்கூடாது என்றும் தெரிந்திருந்தது. அதற்கு முன் நான்கு நாவல்கள் அச்சில் வந்திருந்த ஆள் அவர். முதல் நாவலின் முதல் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு "ஃபாக்னர் மாதிரி ஒரே மூச்சில்" என்று சொல்கிறவருக்கு இந்தக் கதையின் பாதிதான் தெரியும்.

தொடர்கதை எழுதியவர்கள் என்ன திருத்தினார்கள் என்று அடுத்த கேள்வி வரும். நம்மூரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது 'பொன்னியின் செல்வன்'. போன வாரம் அச்சானதை இந்த வாரம் மாற்ற முடியாது. அப்படி எழுதியும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுகிறது என்றால் அது கல்கியின் கை. அதே சமயம், கதை திடீரென்று முடிந்துவிட்டது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, முடிவுரையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கதியையும் சொல்ல வேண்டி வந்ததே, அதையும் கவனியுங்கள். அந்த வருடம் டிசம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். சாவகாசமாக ஒரு முறை திரும்பிப் பார்க்க அவருக்குக் காலம் கிடைத்திருந்தால் கடைசிப் பாகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காத ரசிகர் இருக்க முடியாது. டிக்கன்ஸும் வாரப் பத்திரிகையில் எழுதியவர்தான். 1861-இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் எழுதிய முடிவை, நண்பர் புல்வர்-லிட்டன் சொன்னதைக் கேட்டு, வெளிவருவதற்கு முன் மாற்றினார். (பழைய முடிவுதான் தேவலை என்று சண்டை போடுகிறவர்கள் இன்றும் உண்டு. திருத்தினால் கெடவே கெடாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.)

அப்படியானால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமா? அதிலும் படுகுழி இருக்கிறது. 1952-இல் 'இன்விசிபிள் மேன்' எழுதிய ரால்ஃப் எலிசன் தன் இரண்டாவது நாவலோடு நாற்பது வருடம் போராடினார். 1994-இல் இறந்தபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன, நாவல் இல்லை. மற்றவர்கள்தான் அதிலிருந்து எடுத்துத் தொகுத்துப் போட்டார்கள். ஆனால் இதைக் காட்டி நம்மூர் இளம் எழுத்தாளரை யாராவது பயமுறுத்தினால் சிரிப்புத்தான் வரும். நாற்பது வருடம் திருத்துகிற வியாதி இங்கே யாருக்கும் வரவில்லை. இங்கே இருக்கிற வியாதி நாற்பது நாள்கூடப் பொறுக்காதது.

வேகக் கட்சியிடம் உருப்படியான வாதம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை அவர்களே சரியாகச் சொல்வதில்லை. மூழ்கிய செலவு என்று பாடத்தில் வருமே, அது. போட்ட காசு போட்டதுதான், திரும்பி வராது, இனி எடுக்கும் முடிவில் அதைக் கணக்கில் சேர்க்காதே என்று பாடம் சொல்கிறது. பரீட்சையில் எல்லோரும் எழுதிவிடுவார்கள். வாழ்க்கையில் யாராலும் முடியாது. மூன்று வருடம் செதுக்கிச் செதுக்கி எழுதிய நூறு பக்கத்தைத் தூக்கிப் போடு என்றால் எவனுக்கும் கை நடுங்கும். முப்பது நாளில் கொட்டிய நூறு பக்கத்தைத் தூக்கிப் போடுவது கொஞ்சம் சுலபம். வேகமாக எழுதிய பிரதியின் லாபம் இதுதான், அதைத் தயங்காமல் கலைக்கலாம். ஆனால் வேகமாகவும் எழுதிவிட்டு, ஒரு பத்தியையும் தூக்கிப் போட மாட்டேன் என்று கட்டிப் பிடித்துக்கொண்டால் அந்த லாபமும் போச்சு.

இன்னொரு விஷயம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 50,000 சொற்களை இன்று ஒரு கணினி டீ ஆறுவதற்குள் துப்பிவிடுகிறது. வேகம்தான் பெருமை என்றால் அந்தப் பெருமை இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நானோரைமோ இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. செயற்கை நுண்ணறிவை முற்றாக எதிர்ப்பதில் வர்க்க பேதமும் ஊனமுற்றோர் மீதான பாரபட்சமும் இருக்கிறது என்கிற தொனியில் 2024 செப்டம்பரில் அந்த அமைப்பு ஒரு நிலைப்பாட்டை வெளியிட, கூடவே இருந்த சில எழுத்தாளர்கள் விலகிப் போனார்கள். வேறு பிரச்சினைகளும் இருந்தன. 2025 மார்ச்சில் மூடுவதாக அறிவித்தார்கள். சொல் எண்ணுவதையே வெற்றி என்று வைத்த இடத்தில், யார் எழுதிய சொல் என்ற கேள்வி வந்தபோது பதில் சொல்லத் திணறியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? எண்ணிக்கைக்கு அது தெரியாது. ஹெமிங்வே 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் முடிவை 39 தடவை எழுதியதாகப் பேட்டியில் சொன்னார். 2012-இல் வந்த பதிப்பில் 47 முடிவுகளை அச்சிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை வீண் என்று எந்தச் சொல்கணக்கு மென்பொருளும் சொல்லிவிடும்.

நம்மூர் நிலவரத்துக்கு வருவோம். பொங்கலை ஒட்டிச் சென்னையில் புத்தகக் கண்காட்சி. அதற்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நவம்பரில் பிரதி முடியும், டிசம்பரில் அச்சுக்குப் போகும். நடுவில் பிரதி தூங்க வேண்டாமா, எழுதியவர் ஒரு மாதமாவது அதை மறந்துவிட்டு அன்னியன் மாதிரி எடுத்துப் படிக்க வேண்டாமா, கறாராகப் பேசுகிற ஒருவரிடம் கொடுத்து வாங்க வேண்டாமா? தமிழில் ஹோஹாஃப் மாதிரி ஒரு எடிட்டர் வைத்திருக்கிற பதிப்பகங்கள் அபூர்வம். அதற்குச் சம்பளம் கொடுக்க விற்பனை இல்லை என்பார்கள், அதுவும் பொய்யில்லை. அப்படி ஒருவர் இல்லாத ஊரில் எழுதுகிறவர் தனக்குத்தானே இரண்டு மடங்கு கறாராக இருக்க வேண்டியிருக்க, நடப்பது தலைகீழ். நண்பர்கள் படித்துவிட்டு "சூப்பர் மச்சி" என்கிறார்கள். அட்டைக்கு மூன்று வடிவம் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் அத்தியாயத்துக்கு அந்த மூன்று வடிவம் கிடையாது.

வாங்குகிறவன் பக்கத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மெஸ் காசில் மிச்சம் பிடித்து, ஊரிலிருந்து வந்து, கூட்டத்தில் முட்டி மோதி 300 ரூபாய்க்கு ஒரு புது எழுத்தாளரின் நாவலை எடுக்கிறான். ஹாஸ்டலுக்குப் போய்ப் பிரித்து எழுபதாம் பக்கம் வரும்போது, நாவலாக வேண்டிய விஷயம் ஒரு பத்தியில் சுருண்டு கிடப்பதைப் பார்க்கிறான். அடுத்த ஜனவரியில் புது எழுத்தாளர் யார் பெயரைப் பார்த்தாலும் கை பின்னால் போகும். மிச்சிகன் கடை பணத்தைத் திருப்பித் தந்தது. நம்மூர்க் கண்காட்சியில் அந்த வழக்கம் கிடையாது.